எட்டேகால் லட்சணம் முதல் 4649 வரை: எண்ணைச் சொல்லாகப் படிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓர் எண்ணை எழுதிவிட்டு அதையே எழுத்துக்கூட்டிப் படித்தால் சில சமயம் ஒரு சொல் வந்து நிற்கும். தமிழில் இதற்குப் பழைய, அழகான எடுத்துக்காட்டுகள் உண்டு. மற்ற மொழிகளிலும் அவரவர் வழியில் இது நடக்கிறது. இதுபற்றி வழக்கமாக எழும் கேள்விகளும் பதில்களும் இங்கே.

எண்ணைச் சொல்லாகப் படிப்பது என்றால் என்ன?

கணக்காகப் பார்த்தால் ஒரு பொருள், சொல்லாகப் படித்தால் இன்னொரு பொருள், இரண்டும் ஒரே குறிக்குள். இது பெரும்பாலும் மூன்று வழிகளில் நடக்கிறது. எண்ணின் குறியே எழுத்தாகவும் இருக்கலாம். தமிழ், எபிரேயம், கிரேக்கம் இந்த வகை. எண்ணின் ஒலி வேறொரு சொல்லின் ஒலியோடு ஒத்துப்போகலாம். ஜப்பானியமும் சீனமும் இதில் வல்லவை. எண்ணின் பெயரிலுள்ள எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் வேறு எண்ணின் பெயர் வரலாம். இது ஆங்கிலத்தில் நடக்கும்.

இவற்றில் எது நல்லது, எது சுமார் என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: சொல்லும் சரியாக வர வேண்டும், கணக்கும் சரியாக வர வேண்டும். சொல்லுக்காகக் கணக்கை வளைத்தால் ரசிக்க மனம் வருவதில்லை.

‘எட்டேகால் லட்சணமே’ என்பதில் எட்டேகால் எப்படி வந்தது?

தனிப்பாடல் மரபில் வரும் கதை இது. கம்பர் அவ்வையாரைப் பார்த்து ‘ஒரு காலடி, நாலிலைப் பந்தலடி’ என்று விடுகதை போட்டாராம். விடை ஆரைக்கீரை, ஒரே காம்பின் தலையில் நான்கு இலைகள் விரிந்திருக்கும். ஆனால் அந்த ‘அடி’, பெண்ணை மரியாதையில்லாமல் அழைக்கும் ‘அடி’யாகவும் காதில் விழுகிறது. அவ்வை திருப்பிக் கொடுத்த வெண்பா:

எட்டேகால் லட்சணமே எமனேறும் பரியே
மட்டில் பெரியம்மை வாகனமே – முட்டமேல்
கூரையில்லா வீடே குலராமன் தூதுவனே
ஆரையடா சொன்னா யடா.

தமிழ் எண்ணில் எட்டு என்பது ‘அ’. கால் என்ற பின்னத்தின் குறி ‘வ’. எட்டேகாலை எழுதினால் ‘அவ’. ஆக, முதல் திட்டு ‘அவலட்சணமே’. அடுத்து எமன் ஏறும் எருமை, மூதேவியின் வாகனமான கழுதை, கூரையில்லாத குட்டிச்சுவர், இராமனுக்குத் தூது போன குரங்கு. கடைசி அடி இரண்டு வேலை செய்கிறது: ‘நீ சொன்னது ஆரைக்கீரை’ என்று விடையும் சொல்கிறது, ‘யாரைப் பார்த்துச் சொன்னாய்’ என்றும் கேட்கிறது.

கதை உண்மையா என்பதைவிட முதல் சொல்தான் என்னை இழுக்கிறது. 8 + ¼ என்ற கூட்டலை எழுத்தில் வைத்தால் ‘அவ’. இங்கே எதையும் வளைக்கவில்லை. எட்டேகாலை அன்றைய கணக்குப்பிள்ளை எப்படி எழுதியிருப்பாரோ அப்படியேதான் இருக்கிறது.

தமிழ் எண்கள் உண்மையிலேயே எழுத்துகள்தானா?

தோற்றத்தில் கிட்டத்தட்ட ஆமாம். ஒன்று ௧, இரண்டு ௨, மூன்று ௩, நான்கு ௪, ஐந்து ௫, ஆறு ௬, ஏழு ௭, எட்டு ௮, ஒன்பது ௯, பத்து ௰. இவற்றை க, உ, ங, ச, ரு, சு, எ, அ, கூ, ய என்று படிக்கலாம். எண் வடிவங்கள் பிராமி எண்களிலிருந்து தனி வழியில் வந்தவை. எழுதி எழுதி, பக்கத்தில் இருந்த எழுத்துகளின் சாயலுக்கு வந்து சேர்ந்தன. ஆகவே ‘அ’ எட்டாவது எழுத்தா என்று தேட வேண்டாம். வரிசைக்கும் மதிப்புக்கும் தொடர்பில்லை.

மனப்பாடம் செய்ய ஒரு வாக்கியம் உலவுகிறது: ‘கடுகு உளுந்து ஙனைச்சு சமைச்சு ருசிச்சு சாப்பிட்டேன் என அவன் கூறினான்.’ ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் 1 முதல் 9 வரை; ஆறுக்கு மட்டும் ‘சு’வுக்குப் பதில் ‘சா’. ‘நனைச்சு’ என்பதை ‘ஙனைச்சு’ ஆக்கியிருக்கிறார்கள். ங-வில் தொடங்கும் சொல்லுக்கு வேறு எங்கே போவது? பிள்ளைகளுக்கு ஒரு தடவை சொன்னால் போதும், மறக்காது.

தமிழ் எண்களில் ஒரு முழுச் சமன்பாடே சொற்களாக வருமா?

வரும். ஐந்தின் குறி ‘ரு’வாக இருப்பதுதான் நமக்குக் கிடைத்த பெரிய வசதி. இடமதிப்பு முறையில் எழுதினால் 15 என்பது ௧௫, அதாவது ‘கரு’. 25 என்பது ௨௫, ‘உரு’. 75 என்பது ௭௫, ‘எரு’. 85 என்பது ௮௫, ‘அரு’. நான்கும் தமிழ்ச் சொற்கள்.

இப்போது கூட்டிப் பாருங்கள்:

௧௫ + ௰ = ௨௫
கரு + பத்து = உரு

பதினைந்தும் பத்தும் இருபத்தைந்து. கருவோடு பத்து சேர்ந்தால் உரு. ‘பத்து மாதம் சுமந்து பெற்றவள்’ என்று சொல்லும் மொழியில் இதற்கு விளக்கமே தேவையில்லை. என் அளவுகோலில் இது முழு மதிப்பெண் வாங்குகிறது.

இன்னும் இரண்டு உண்டு. உருவை மூன்றால் பெருக்கினால் எரு (25 × 3 = 75). எருவோடு பத்தைக் கூட்டினால் அரு (75 + 10 = 85). கணக்கு இரண்டிலும் சரி. பொருள் முதலாவதைப் போல ஒட்டவில்லை. சைவ சித்தாந்தம் படித்தவர்கள் உரு, அரு என்ற இரண்டையும் பார்த்ததும் அறுபது வித்தியாசத்தில் ஏதாவது தேடுவார்கள். தேடட்டும்.

ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பழைய முறையில் பூச்சியம் இல்லை. பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்குத் தனிக் குறிகள் இருந்தன. அந்த முறையில் 15 என்பது ௰௫ (யரு), 25 என்பது ௨௰௫ (உயரு). கரு, உரு எல்லாம் இடமதிப்பில் எழுதும்போது மட்டும் கிடைப்பவை. மேலே பத்தை மட்டும் பழைய குறியில் எழுதியிருக்கிறேன். ௧௦ என்று எழுதினாலும் வாசிப்பு மாறாது.

காளமேகத்தின் பின்னப் பாட்டு என்பது எது?

இந்த விளையாட்டில் தமிழின் உச்சம் என்று நான் நினைப்பது இதைத்தான். காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் மேல் பாடிய வெண்பா:

முக்காலுக் கேகாமுன் முன்னரையில் வீழாமுன்
அக்கா லரைக்கால்கண் டஞ்சாமுன் – விக்கி
இருமாமுன் மாகாணிக் கேகாமுன் கச்சி
ஒருமாவின் கீழரையின் றோது.

முதலில் சொல்லாகப் படிப்போம். ஊன்றுகோலோடு மூன்று காலில் நடக்கும் நிலை வருமுன், நரை விழுமுன், காலனின் ஆட்களைக் கண்டு அஞ்சுமுன், விக்கலெடுத்து இருமுமுன், சுடுகாட்டுக்குப் போகுமுன், காஞ்சியில் ஒற்றை மாமரத்தின் கீழ் இருப்பவரை இன்றே ஓது. ஏகாம்பரநாதர் கோயிலின் தல மரம் மாமரம் என்பது தெரிந்ததுதான்.

இனி கணக்காகப் படிப்போம். முக்கால் (¾), அரை (½), கால் (¼), அரைக்கால் (1/8), இருமா (1/10), மாகாணி (1/16), ஒருமா (1/20), கீழரை (1/640). எட்டுப் பின்னங்கள். ‘முன்னரை’யில் நரையும் இருக்கிறது, அரையும் இருக்கிறது. ‘மாகாணி’ பெரிய காணியாகச் சுடுகாட்டைச் சுட்டுகிறது, பதினாறில் ஒன்றாகவும் நிற்கிறது.

வரிசையைச் சரிபார்க்க எளிய வழி, ஒரு முழுமையை எண்பது பங்காக்கிக்கொள்வது. அப்போது முக்கால் 60, அரை 40, கால் 20, அரைக்கால் 10, இருமா 8, மாகாணி 5, ஒருமா 4. கீழரை ஒரு பங்கில் எட்டில் ஒன்று. ஓரிடத்தில்கூட வரிசை ஏறவில்லை. ஆயுள் தேய்வதைப் பாடுகிற பாட்டில் எண்களும் அடிக்கு அடி தேய்ந்துகொண்டே வருகின்றன. ‘எட்டுப் பின்னங்களை வைத்து ஒரு வெண்பா’ என்று மட்டும் இதைச் சொல்லிவிட்டுப் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இறங்கு வரிசைதான் பாட்டின் உயிர்.

மா, காணி, கீழரை போன்றவற்றை அந்தக் காலத்தில் எல்லோரும் அறிந்திருந்தார்களா?

படித்தவர்கள் அறிந்திருந்தார்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி மனப்பாடம். பின்ன வாய்பாடும் அதில் அடங்கும். மா என்றால் இருபதில் ஒன்று. காணி, எண்பதில் ஒன்று. இரண்டையும் கூட்டினால் எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று. அதனால்தான் அதற்கு மாகாணி என்று பெயர். பெயரே கூட்டல் கணக்கு! முந்திரி என்பது 320-இல் ஒன்று, அதில் பாதி கீழரை. இந்த வாய்பாடு காதில் ஊறிய ஒருவருக்குக் காளமேகத்தின் பாட்டு கேட்ட மாத்திரத்தில் இரண்டாகப் பிரிந்து ஒலித்திருக்கும். நமக்கு உரை வேண்டியிருக்கிறது.

கடபயாதி என்பதும் இதே வகையா?

இது எதிர்த் திசையில் போவது. எண்ணைச் சொல்லாக்குவதற்கென்றே திட்டமிட்டு அமைத்த முறை. வடமொழி மெய்யெழுத்துகளில் க முதல் ஞ வரை பத்து, ட முதல் ந வரை பத்து. இவை 1 முதல் 9 வரை போய் 0-இல் முடியும். ப முதல் ம வரை 1–5. ய முதல் ஹ வரை 1–8. க, ட, ப, ய நான்கும் ஒன்று என்பதால் கடபயாதி. கூட்டெழுத்தில் கடைசி மெய்க்கு மட்டுமே மதிப்பு. தனி உயிருக்குப் பூச்சியம். கிடைத்த எண்ணை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். கேரளத்தில் இதைப் பரல்பேரு என்பார்கள்.

கர்நாடக இசையின் 72 மேளகர்த்தா (தாய்) ராகங்களின் பெயர்களில் இது அன்றாடம் புழங்குகிறது. பெயரின் முதல் இரண்டு எழுத்துகள் ராகத்தின் வரிசை எண்ணைச் சொல்லும். மாயாமாளவகௌளை: மா 5, யா 1, திருப்பினால் 15. அது பதினைந்தாவது மேளம்.

சுவாரசியம் சில முன்னொட்டுகளில் இருக்கிறது. சங்கராபரணம் பழைய பெயர். அதை அப்படியே கணக்கிட்டால் ச 5, ங்க-வில் க 1. திருப்பினால் 15, மாயாமாளவகௌளையின் இடம். அதனால் ‘தீர’ சேர்த்தார்கள்: தீ 9, ர 2, ஆக 29. கல்யாணிக்குக் க 1, ல்யா-வில் ய 1, ஆக 11; அது கோகிலப்ரியாவின் எண். ‘மேச’ சேர்ந்ததும் மே 5, ச 6 (சங்கராபரணத்தின் ச வடமொழியில் வேறு ஒலி), திருப்பினால் 65. தோடி தனியாக நின்றால் 36 ஆகிச் சலநாட்டையோடு மோதும். ‘ஹனும’ சேர்ந்ததும் ஹ 8, நு 0, திருப்பினால் 08. எண் பொருந்தவே பெயருக்கு முன்னால் ஒரு சொல் வந்து உட்கார்ந்தது.

தமிழில் எழுதிய ராகப் பெயரை வைத்துக் கணக்கிட்டால் தப்பு வருகிறதே, ஏன்?

தமிழில் ஒரே ‘த’ வடமொழியின் நான்கு ஒலிகளுக்கும் நிற்கிறது. கடபயாதியில் அவற்றின் மதிப்பு 6, 7, 8, 9. ‘தீரசங்கராபரணம்’ என்பதில் உள்ள ‘தீ’ 9 என்பது தமிழ் எழுத்தைப் பார்த்தால் தெரியாது. மூலச் சொல்லின் ஒலி தெரிய வேண்டும். கரஹரப்ரியாவிலும் அப்படித்தான்: அந்தக் க இரண்டாவது க, மதிப்பு 2. அதனால்தான் 22. ஐயம் வந்தால் கிரந்தத்திலோ மலையாளத்திலோ தேவநாகரியிலோ எழுதிய பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பை (π) மதிப்பைச் சொல்லும் வாக்கியம் உண்டாமே?

உண்டு. வட கேரளத்தின் கடத்தநாட்டு அரச குடும்பத்தைச் சேர்ந்த சங்கரவர்மன் 19-ஆம் நூற்றாண்டில் எழுதிய சத்ரத்னமாலையில் ஒரு தொடர் வருகிறது: ‘பத்ராம்புத்திசித்தஜன்மகணிதச்ரத்தா ஸ்ம யத் பூபகீ:’. கடைசி நான்கு எழுத்துகளை மட்டும் எடுத்துக்கொள்வோம்: ய 1, பூ 4, ப 1, கீ 3. திருப்பினால் 3141. இப்படியே முன்னோக்கிப் போனால் 3.14159265358979324. பதினெட்டு இலக்கங்கள்; கடைசி இலக்கம் முறைப்படி முழுமையாக்கியது. தொடருக்குள்ளேயே ‘கணித’ என்ற சொல்லும் இருக்கிறது.

மேல்பத்தூர் நாராயண பட்டத்திரியின் நாராயணீயம் என்ற வடமொழி நூல் ‘ஆயுராரோக்யசௌக்யம்’ என்று முடிகிறது. வாழ்த்தாகப் படித்தால் ஆயுள், ஆரோக்கியம், சுகம். எண்ணாகப் படித்தால் 1712210. நூல் முடிந்த அன்று கலியுகம் தொடங்கி அத்தனை நாள் ஆகியிருந்தது. அது 1586-ஆம் ஆண்டில் விழுகிறது.

தமிழ்நாட்டு வாக்கியப் பஞ்சாங்கத்தின் ‘வாக்கிய’மும் இத்தகைய வாக்கியங்களிலிருந்து வந்ததுதான். நிலவின் நிலையை நாள்வாரியாகச் சொல்லும் 248 வாக்கியங்களை மனப்பாடமாக வைத்துக் கணித்தார்கள்.

ஜப்பானியர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள்?

அவர்களிடம் ஒவ்வோர் இலக்கத்துக்கும் பல உச்சரிப்புகள்: ஜப்பானியச் சொல், சீனத்திலிருந்து வந்த சொல், தேவைப்பட்டால் ஆங்கிலமும். கலந்து படிக்கலாம். 4649 என்றால் யோ-ரோ-ஷி-கு, ‘இனி உங்கள் தயவு’ என்ற வழக்கமான வாழ்த்து. 39 என்றால் சான்-க்யூ, அதாவது ஆங்கிலத் தேங்க்யூ.

பள்ளிப் பிள்ளைகள் இரண்டின் வர்க்கமூலத்தை (1.41421356) ‘ஹிதோயோ ஹிதோயோ நி ஹிதோமிகோரோ’ என்று படிக்கிறார்கள், இரவுக்கு இரவு காட்சி அழகாகிறது என்ற மாதிரி பொருள். ஐந்தின் வர்க்கமூலம் (2.2360679) ‘ஃபுஜிசான்ரோகு ஓமு நாகு’, ஃபுஜி மலையடிவாரத்தில் கிளி கத்துகிறது. காமகுரா என்ற பழைய படைத்தலைவர் ஆட்சி தொடங்கிய ஆண்டை 1192, ‘ஈ குனி’, நல்ல நாடு என்று படித்துவந்தார்கள். பாடநூல்கள் 1185-ஐ நோக்கி நகர்ந்ததும் ‘ஈ ஹாகோ’, நல்ல பெட்டி என்று மாற்றிக்கொண்டார்கள். ஆண்டு மாறினால் சொல்லை மாற்றுகிறார்கள், கணக்கை விட்டுக்கொடுக்கவில்லை.

‘யாகுசா’ என்ற குண்டர் கூட்டத்தின் பெயரும் எண்தான்: யா 8, கு 9, சா 3. ஒரு சீட்டாட்டத்தில் சீட்டுகளைக் கூட்டி வரும் தொகையின் கடைசி இலக்கம்தான் மதிப்பு, ஒன்பது உயர்ந்தது. 8 + 9 + 3 = 20. கடைசியில் பூச்சியம். ஒன்றுக்கும் உதவாத கை. ‘உதவாக்கரை’ என்ற பொருள் அந்தக் கூட்டலிலிருந்து வந்தது.

ஒரே எண் இரண்டு மொழிகளில் எதிர்ப்பொருள் தருமா?

555-ஐப் பாருங்கள். தாய் மொழியில் ஐந்து ‘ஹா’. 555 என்று அனுப்பினால் ஹாஹாஹா, சிரிப்பு. சீனத்தில் ஐந்து ‘வூ’. 555 என்றால் வூவூவூ, அழுகை. சீனத்தில் 520 என்பது ‘நான் உன்னை நேசிக்கிறேன்’ என்பதன் ஒலிக்கு அருகில் வருவதால் மே 20-ஐக் காதலர் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

ஆங்கிலத்தில் கணக்கோடு பொருந்தும் விளையாட்டு உண்டா?

அருமையான ஒன்று உண்டு. ‘இலெவன் ப்ளஸ் டூ’ என்பதை ஆங்கில எழுத்துகளில் எழுதி, எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் ‘ட்வெல்வ் ப்ளஸ் ஒன்’ கிடைக்கும். 11 + 2 = 12 + 1, இரண்டுமே 13. இரண்டு தொடரிலும் எழுத்துகளை எண்ணினால் அதுவும் 13. ஸ்பானிய மொழியில் ஊனோ (1), கதோர்சே (14) இரண்டின் எழுத்துகளைக் கலைத்தால் குவாத்ரோ (4), ஓன்சே (11). கூட்டினால் இரண்டு பக்கமும் 15.

தமிழில் தன்னைத் தானே எண்ணும் எண் உண்டா?

மூன்று. மூ, ன், று: மூன்றெழுத்து. எந்த எண்ணிலிருந்து தொடங்கினாலும் இங்கேதான் வந்து சேர்வீர்கள். இருபத்தைந்து ஏழெழுத்து, ஏழு இரண்டெழுத்து, இரண்டு நான்கெழுத்து, நான்கு மூன்றெழுத்து, மூன்று மூன்றெழுத்து. ஆங்கிலத்தில் இந்த இடம் நான்குக்கு, இத்தாலியத்தில் நம்மைப் போலவே மூன்றுக்கு.

பேச்சுத் தமிழில் செய்தால் கதை மாறுகிறது. ‘மூணு’ இரண்டெழுத்து, ‘ரெண்டு’ மூன்றெழுத்து. இரண்டும் ஒன்றையொன்று காட்டிக்கொண்டே சுற்றும், முடிவே வராது.

இது நியூமராலஜியா?

இல்லை. பெயரின் எழுத்துகளை எண்ணாக்கி அதில் எதிர்காலம் பார்ப்பது வேறு. அதற்கும் இங்கே சொல்வதற்கும் தொடர்பில்லை. எழுத்தே எண்ணாக இருந்த ஊர்களில் நம்பிக்கை கலந்தது உண்மை. எபிரேயத்தில் 15-ஐ 10 + 5 என்று எழுதினால் இறைவன் பெயரின் எழுத்துகள் வந்துவிடும் என்று 9 + 6 என எழுதுகிறார்கள். 16-க்கு 9 + 7. ரோமன் எண்ணில் 17-இன் குறிகளை இடம் மாற்றினால் ‘வாழ்ந்து முடித்தேன்’ என்ற லத்தீன் சொல் வருவதால் இத்தாலியில் பலருக்கு 17 ஆகாது. எனக்குப் பிடித்தது கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானிய நகரமான பாம்பேயின் சுவரில் இருந்த கிரேக்கக் கிறுக்கல்: ‘எவளுடைய எண் 545-ஓ அவளை நேசிக்கிறேன்.’ பெயரின் எழுத்து மதிப்புகளைக் கூட்டி, தொகையை மட்டும் எழுதிவிட்டுப் போயிருக்கிறார் ஒருவர்.

சொந்தமாகச் செய்து பார்க்க எங்கே தொடங்கலாம்?

ரு-வில் முடியும் சொற்களிலிருந்து தொடங்குங்கள். முதலெழுத்து க, உ, ங, ச, எ, அ, கூ ஆகியவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். அப்புறம் வ-வில் முடியும் சொற்கள். ‘அவ’ போலவே கால் சேர்ந்த எண்கள் கிடைக்கும். கிடைத்த எண்களுக்குள் கூட்டல், பெருக்கல் உறவு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். வகுப்பில் செய்தால் பிள்ளைகள் தமிழ் எண்களையும் பின்னங்களையும் தாங்களாகவே பிடித்துக்கொள்வார்கள். காளமேகத்தின் பாட்டை எண்பது பங்காக்கிச் சரிபார்க்கும் கணக்கை ஆறாம் வகுப்புக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

கணினியில் ௮-வும் அ-வும் ஒன்றா?

இல்லை. யூனிகோடில் எட்டுக்குத் தனி இடம், அகரத்துக்குத் தனி இடம். ‘அவ’ என்று தேடினால் ‘௮வ’ அகப்படாது. கால், மாகாணி, முந்திரி முதலிய பின்னக் குறிகள் 2019-இல்தான் யூனிகோடில் சேர்ந்தன. பல எழுத்துருக்களில் அவை இன்னும் கட்டமாகத் தெரியும். அவை சரியாகத் தெரியும்வரை எட்டேகாலை ‘௮வ’ என்றே எழுதிக்கொள்ளுங்கள்.